வாக்கெடுப்புக்கு முன்பே முடிந்துவிடுவது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தொழில் நிறுவனங்கள் தேர்தலுக்குப் பணம் கொடுக்கின்றன. வாங்கிக்கொண்ட மக்கள் பிரதிநிதி அந்த நிறுவனங்களுக்குச் சாதகமாக நடந்துகொள்கிறாரா? தேநீர்க் கடையில் யாரைக் கேட்டாலும் "இதில் என்ன சந்தேகம்?" என்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ ஐம்பது ஆண்டுகளாக இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களில் பலர் "நிரூபிக்க முடியவில்லை" என்றே எழுதியிருக்கிறார்கள். ஊரார் அறிந்ததை ஆய்வு ஏன் காணவில்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கூட்டாட்சித் தேர்தல்களில் ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுப்பவரின் பெயர் அங்கே பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. மறைவழியில் பாயும் பணம் வேறு இருக்கிறது என்றாலும், இரண்டு பேரேடுகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இடம் தரும் நாடுகள் குறைவு.

இவ்வுரை முன்வைக்கும் கருத்து ஒன்றே. பணத்தின் செல்வாக்கு பெரும்பாலும் இறுதி வாக்கெடுப்பில் தெரிவதில்லை. அதற்கு முன்னால், யாருடைய தொலைபேசி அழைப்புக்குப் பதில் வருகிறது, மசோதாவில் யார் எழுதிய வரி சேர்கிறது, எந்தப் பேச்சு எடுக்கப்படாமலே போகிறது என்பவற்றில்தான் அது வேலை செய்கிறது. வாக்கில் மட்டும் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில் வியப்பில்லை.

1. வாக்கில் தேடியவர்கள்

நிறுவனங்கள் தம் கருவூலத்திலிருந்து கூட்டாட்சி வேட்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதை 1907ஆம் ஆண்டின் டில்மன் சட்டமே தடை செய்துவிட்டது. அதனால் ஊழியர்களிடமும் பங்குதாரர்களிடமும் திரட்டிய நன்கொடையைக் கொடுக்க, பேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசியல் நடவடிக்கைக் குழுக்கள் உருவாயின. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974இல் வந்த திருத்தம், இத்தகைய குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றது. உட்கட்சித் தேர்தலையும் பொதுத் தேர்தலையும் சேர்த்தால் 10,000 டாலர். அந்த உச்சவரம்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பொருளியலாளர் கார்டன் டல்லாக் 1972இலேயே ஒரு புதிரை எழுப்பினார். அரசின் சலுகைகளுக்குப் பல நூறு கோடி டாலர் மதிப்பு இருக்கும்போது, அவற்றைப் பெற நிறுவனங்கள் இவ்வளவு கொஞ்சமாகச் செலவழிப்பது ஏன்? ஸ்டீபன் அன்சொலபஹேர், ஜான் டி ஃபிகரேடோ, ஜேம்ஸ் ஸ்னைடர் ஆகிய மூவரும் 2003இல் இந்தப் புதிரை மறுபடி கையில் எடுத்தார்கள். நன்கொடைக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த சுமார் 40 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நான்கில் மூன்று முறை புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க விளைவே இல்லை, அல்லது எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவு வந்திருந்தது. நன்கொடை என்பது முதலீடு அல்ல, கொடுப்பவர் தம் அரசியல் ஈடுபாட்டுக்காகச் செய்யும் செலவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இந்த முடிவை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. பால் பண்ணைகள் நிறைந்த தொகுதியின் உறுப்பினர், பால் விலைக்கு அரசு ஆதரவு வேண்டும் என்று வாக்களிக்கப் பணம் தேவையில்லை, தொகுதியே போதும். பால் உற்பத்தியாளர் சங்கம் அவருக்கு நன்கொடை கொடுப்பதும் அவர் ஏற்கெனவே தம் பக்கம் இருப்பதால்தான். பணம் வாக்கைத் தேடிப் போனதா, வாக்கு பணத்தைத் தேடிப் போனதா என்பதைப் பேரேட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலைத் தாண்ட நல்ல வழி கண்டவர் தாமஸ் ஸ்ட்ராட்மன். வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரித்து வைத்த 1933ஆம் ஆண்டின் கிளாஸ்–ஸ்டீகல் சட்டத்தைத் தளர்த்துவது பற்றிப் பிரதிநிதிகள் சபையில் 1991லும் 1998லும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் இருந்த அதே உறுப்பினர்களை அவர் எடுத்துக்கொண்டார். ஆள் மாறவில்லை, இடையில் ஓர் உறுப்பினர் பெற்ற நன்கொடை மாறியிருந்தால் வாக்கும் மாறியதா என்று பார்த்தார். வங்கித் துறையிடமிருந்து கூடுதலாக வந்த ஒவ்வொரு 10,000 டாலரும், தளர்த்தலுக்கு ஆதரவாக வாக்களிக்கும் வாய்ப்பைச் சுமார் 8 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதாக அவர் கணித்தார். புதிய உறுப்பினர்களிடம் விளைவு இன்னும் அதிகம். 1998இல் அந்த மசோதா 214–213 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 8 புள்ளி என்பது சிறிய எண் அல்ல.

ஆக, வாக்கிலும் பணம் சில நேரம் தெரிகிறது. ஆனால் அது முக்கியமான இடம் அல்ல.

2. முதலில் வாங்கப்படுவது நேரம்

மிக் மல்வேனி தென் கரோலைனாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிறகு டிரம்ப் அரசில் பொறுப்பேற்றவர். 2018 ஏப்ரலில் அவர் வங்கியாளர்கள் கூட்டத்தில் பேசும்போது, தம் அலுவலகத்தில் ஒரு படிநிலை இருந்தது என்றார். பணமே கொடுக்காத லாபியிஸ்டிடம் பேசியதில்லை. பணம் கொடுத்தவராக இருந்தால் பேசியிருக்கக் கூடும். சொந்தத் தொகுதியிலிருந்து வந்து உட்கார்ந்தவரிடம் மட்டும் பணம் பார்க்காமல் பேசியதாகவும் அவரே சேர்த்துச் சொன்னார். வழக்கமாக மறைக்கப்படும் ஒன்றை மேடையில் ஏறி ஒருவர் உரக்கச் சொன்னார் என்பதால்தான் அந்தப் பேச்சு செய்தியானது.

ஒருவர் வாயால் சொன்னது சான்றாகாது என்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் ஓர் அரசியல் அமைப்போடு சேர்ந்து 191 உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குச் சந்திப்புக் கேட்டுக் கடிதம் அனுப்ப வைத்தார்கள். சந்திக்க வரவிருந்தவர்கள் எல்லோருமே நன்கொடையாளர்கள்தாம். ஆனால் சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்தெடுத்த சில அலுவலகங்களுக்கு மட்டுமே அது தெரிவிக்கப்பட்டது. மற்றவற்றுக்கு அவர்கள் தொகுதி மக்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது. நன்கொடையாளர் என்று தெரிந்த இடங்களில் உறுப்பினரோ மூத்த அதிகாரிகளோ நேரில் சந்திக்க முன்வந்தது மூன்று நான்கு மடங்கு அதிகம். 2016இல் வெளியான இந்த ஆய்வில் தொகுதி வேறுபாடு, கட்சி வேறுபாடு என்று எந்தச் சாக்கும் சொல்ல இடமில்லை, ஏனெனில் யாருக்கு எந்தக் கடிதம் என்பதைத் தற்செயல்தான் தீர்மானித்தது.

நேரம்தானே என்று கேட்கலாம். உறுப்பினரின் ஒரு நாளைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் குழு புதிய உறுப்பினர்களுக்குத் தந்த மாதிரி அட்டவணை 2013இல் வெளியே வந்தது. அதில் நிதி கேட்டுத் தொலைபேசியில் பேசுவதற்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம். சபைக்கும் குழுக்களுக்கும் சேர்த்து 2 மணி நேரம். அரசு அலுவலகத்திலிருந்து நன்கொடை கேட்பது சட்டவிரோதம் என்பதால், அவர்கள் பக்கத்தில் உள்ள கட்சி அலுவலகத்துக்கு நடந்துபோய் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைக்கிறார்கள். ஒரு தேசத்தின் சட்டங்களை எழுத அனுப்பப்பட்டவரின் நாளில் ஏறக்குறைய பாதி, பணம் உள்ளவர்களின் குறைகளைக் கேட்பதில் போகிறது. அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதே இல்லை. நாளுக்கு 4 மணி நேரம் ஒரு வகை மனிதர்களோடு மட்டும் பேசுகிறவருக்கு நாட்டின் பிரச்சினை எதுவாகத் தெரியும்?

ரிச்சர்ட் ஹால், ஃபிராங்க் வேமன் இருவரும் 1990இல் இதை முதலில் தெளிவாக எழுதினார்கள். பால், வேலைப் பயிற்சி, இயற்கை எரிவாயு ஆகிய மூன்று மசோதாக்களைக் குழு மட்டத்தில் பின்தொடர்ந்து பார்த்தபோது, பணம் எதிரியை நண்பனாக்கியதாகத் தெரியவில்லை. நண்பனை உழைக்க வைத்தது. நன்கொடை பெற்ற ஆதரவாளர் கூட்டத்துக்கு வந்தார், திருத்தம் கொண்டுவந்தார், பேரம் பேசினார். எதிர்க்க வேண்டியவரின் முனைப்பு தளர்ந்தது. வாக்குப் பட்டியலில் இருவரும் தத்தம் வழக்கப்படியே இருப்பார்கள். மசோதா மட்டும் மாறியிருக்கும்.

எலினார் பவலும் ஜஸ்டின் கிரிம்மரும் 2016இல் இன்னொரு வாசலைத் திறந்தார்கள். ஒரு கட்சி இடங்களை இழக்கும்போது குழுக்களில் அதன் பங்கு குறைந்து, இளைய உறுப்பினர்கள் தம் தவறு எதுவுமின்றிக் குழுவிலிருந்து வெளியேற்றப்படுவார்கள். அப்படி வெளியேறியவர்களுக்கு அந்தக் குழுவின் கீழ் வரும் தொழில்துறைகள் கொடுத்த பணம் சட்டென்று குறைந்தது. அதே மனிதர், அதே கொள்கை, அதே தொகுதி. போனது குழு நாற்காலி மட்டும். நன்கொடை வெறும் ஈடுபாட்டின் வெளிப்பாடு என்றால் இப்படி நாற்காலியின் பின்னாலேயே போயிருக்காது.

3. பிறகு வரிகள்

2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் டாட்–ஃபிராங்க் சட்டம் வந்தது. டெரிவேட்டிவ் எனப்படும் அபாயகரமான சில வணிகங்களை, வைப்புத்தொகைக் காப்பீடு உள்ள வங்கியிலிருந்து தனி நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. சூதாட்டத்தில் தோற்றால் மக்கள் வரிப்பணம் ஈடுகட்டக் கூடாது என்பதே நோக்கம். அதைத் தளர்த்த 2013இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா வந்தது. அதன் 85 வரிகளில் 70க்கும் மேற்பட்டவை சிட்டிகுரூப் வங்கி தந்த பரிந்துரைகளைப் பிரதிபலித்தன என்று நியூயார்க் டைம்ஸ் ஆவணங்களோடு வெளியிட்டது. அவற்றில் சில பத்திகள் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அப்படியே. அந்த ஆண்டு அக்டோபரில் மசோதா 292–122 என்று சபையில் நிறைவேறியது, செனட்டில் நகரவில்லை. 2014 டிசம்பரில், அரசு அலுவலகங்கள் மூடாமல் இருக்க வேண்டுமானால் நிறைவேற்றியே ஆக வேண்டிய சுமார் 1.1 லட்சம் கோடி டாலர் செலவு மசோதாவுக்குள் அந்த விதி மறுபடி நுழைந்தது. 1,600 பக்கத்துக்கு மேற்பட்ட மசோதா. செனட்டர் எலிசபெத் வாரன் எழுந்து எதிர்த்தார். மசோதா சட்டமானது.

இப்போது ஆய்வாளரின் பேரேட்டில் இது எப்படிப் பதிவாகும்? "செலவு மசோதாவுக்கு ஆதரவு" என்று. வங்கிக்கும் அந்த வாக்குக்கும் உள்ள தொடர்பு எந்தப் புள்ளியியல் சமன்பாட்டிலும் விழாது.

மருந்து விலைக் கதை இன்னும் பெரியது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் மருந்துச் செலவைச் சேர்த்த சட்டம் 2003 நவம்பர் 22 விடியற்காலையில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. வழக்கமாக 15 நிமிடம் நடக்கும் வாக்கெடுப்பு, தோற்கும் நிலையில் இருந்ததால் ஏறக்குறைய 3 மணி நேரம் திறந்தே வைக்கப்பட்டு, 220–215இல் முடிந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை மருந்து நிறுவனங்களோடு விலை பேசுகிறது. மெடிகேர் மட்டும் அப்படிப் பேசக் கூடாது என்று அந்த நானூறு பக்கச் சட்டத்தில் ஒரு சிறு உட்பிரிவு தடை போட்டது. உலகிலேயே மிகப் பெரிய மருந்துக் கொள்முதலாளர்களில் ஒருவரின் வாய் கட்டப்பட்டது. சட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், எரிசக்தி மற்றும் வணிகக் குழுவின் தலைவர் பில்லி டாஸின். 2005இல் அவர் மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார்.

4. வாக்கே நடக்காத இடம்

லிங்கன் சேமிப்பு நிறுவனத்தின் உரிமையாளர் சார்லஸ் கீட்டிங், ஐந்து செனட்டர்களின் தேர்தலுக்கும் அவர்கள் சார்ந்த அமைப்புகளுக்கும் சுமார் 13 லட்சம் டாலர் திரட்டித் தந்தவர். ஆலன் கிரான்ஸ்டன், டென்னிஸ் டிகான்சினி, ஜான் கிளென், ஜான் மெக்கெய்ன், டொனால்ட் ரீகல் ஆகியோர் அந்த ஐவர். 1987 ஏப்ரலில் இவர்கள் வங்கிக் கண்காணிப்பு அதிகாரிகளை அழைத்து, லிங்கன் மீதான விசாரணை பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். எந்த மசோதாவும் இல்லை, எந்த வாக்கெடுப்பும் இல்லை. விசாரணை இழுத்தது. 1989 ஏப்ரலில் லிங்கன் சரிந்தது. அரசுக்கு 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அதன் கிளைகளிலேயே தாய் நிறுவனத்தின் கடன் பத்திரங்களை வாங்கியிருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள், சேமிப்பைப் பறிகொடுத்தார்கள்.

அந்தப் பணம் செனட்டர்களைச் செல்வாக்குக்கு உட்படுத்தியதா என்று செய்தியாளர்கள் கேட்டபோது, அப்படித்தான் நிச்சயமாக நம்புகிறேன் என்று கீட்டிங் பதில் சொன்னார். 1991இல் செனட் ஒழுங்குக் குழு கிரான்ஸ்டனை மட்டும் கண்டித்தது. மற்ற நால்வருக்கும் அறிவுரையும் லேசான குறைகூறலும்தான்.

5. கொடுக்காமலே வேலை செய்யும் பணம்

டல்லாக்கின் புதிருக்கு இங்கே இன்னொரு விடை கிடைக்கிறது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பும் அதையொட்டி வந்த கீழ்நீதிமன்றத் தீர்ப்பும் சூப்பர் பேக் என்ற அமைப்புக்கு வழிவிட்டன. வேட்பாளரோடு கலந்து செயல்படாதவரை அது எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டலாம், செலவிடலாம். நிறுவனங்களும் நேரடியாகத் தரலாம். கிரிப்டோ நாணயத் துறை 2023இல் தொடங்கிய ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக், காயின்பேஸ், ரிப்பிள் முதலிய நிறுவனங்களிடமிருந்து 2024 தேர்தலுக்காக 20 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியது. கலிஃபோர்னியாவில் செனட்டுக்குப் போட்டியிட்ட கேட்டி போர்ட்டருக்கு எதிராகச் சுமார் 1 கோடி டாலர். ஓஹையோவில், செனட் வங்கிக் குழுவின் அன்றைய தலைவர் ஷெராட் பிரவுனைத் தோற்கடிக்கச் சுமார் 4 கோடி டாலர். போர்ட்டருக்கு எதிரான விளம்பரங்களில் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை. இருவரும் தோற்றார்கள். அவர்கள் தோற்க வேறு காரணங்களும் இருந்தன. ஓஹையோ ஏற்கெனவே குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஆனால் சேதி மற்ற உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2025 ஜூனில், டாலரோடு இணைத்த கிரிப்டோ நாணயங்களுக்கான ஜீனியஸ் சட்டம் 68–30 என்று இரு கட்சி ஆதரவோடு செனட்டில் நிறைவேறி, ஜூலையில் கையெழுத்தானது. ஆதரித்தவர்களில் சிலர் ஒழுங்குமுறை தேவை என்று உண்மையிலேயே கருதியிருப்பார்கள். எத்தனை பேர் பிரவுனை நினைத்தபடி வாக்களித்தார்கள் என்பதை எந்தப் பேரேடும் காட்டாது. அவர்கள்மீது செலவழிக்கப்படாத பணம் எங்கே பதிவாகும்?

6. பணம் தோற்கும் இடம்

எல்லாம் பணம்தான் என்று முடித்துவிட்டால் அது உண்மைக்குச் செய்யும் துரோகம். 2003இல் போட்ட அந்த மருந்துப் பூட்டு 2022 ஆகஸ்டில் உடைந்தது. மெடிகேர் சில மருந்துகளுக்கு விலை பேசலாம் என்ற விதியோடு பணவீக்கக் குறைப்புச் சட்டம் செனட்டில் 51–50 என்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கோடு நிறைவேறியது. மெடிகேரில் உள்ளவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றும் வந்தது. முதல் 10 மருந்துகளின் பேசிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மருந்துத் துறை வாஷிங்டனில் மிக அதிகமாகச் செலவழிக்கும் துறைகளில் ஒன்று, இருந்தும் தோற்றது. மருந்து வாங்கக் கையில் காசில்லாத முதியவர்களின் குரல் பல ஆண்டுகளாக ஒவ்வொரு தொகுதியிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. விவகாரம் வெளிச்சத்துக்கு வந்த பிறகு பணத்தின் கை தளர்ந்தது.

அப்போதும் அது முற்றிலும் கை விடவில்லை. 2021 செப்டம்பரில் குழு மட்டத்தில் மூன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் எதிர்த்ததால், அதே மருந்து விலை விதி 29–29 என்று சம வாக்கில் நின்றது. அவர்களில் ஒருவரான ஸ்காட் பீட்டர்ஸ், மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் நிறைந்த சான் டியேகோவின் பிரதிநிதி. தொகுதியின் வேலைவாய்ப்பைக் காக்கிறேன் என்றார். அந்த வாதத்தைப் பொய் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இறுதிச் சட்டத்தில் மாத்திரை வகை மருந்துக்கு அனுமதி கிடைத்து 9 ஆண்டுகளும், உயிரியல் மருந்துக்கு 13 ஆண்டுகளும் ஆன பிறகே பேசிய விலை வரும் என்று எல்லை குறுகியது. வாக்கு மக்கள் பக்கம் போனது. வரிகளில் ஒரு பகுதி தொழில்துறையிடமே தங்கியது.

7. நீதிமன்றங்கள் எங்கே நிற்கின்றன

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இன் பக்லி வழக்கிலிருந்தே, நன்கொடைக்கு வரம்பு போட ஊழல் தடுப்பு ஒன்றே தகுந்த காரணம் என்று சொல்லிவருகிறது. சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் நீதிபதி ஆன்டனி கென்னடி அந்தக் காரணத்தையும் சுருக்கினார். இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்ற நேரடிப் பரிமாற்றமே ஊழல். நன்மதிப்பைப் பெறுவதும் அணுகும் வாய்ப்பைப் பெறுவதும் ஊழல் அல்ல என்றார். அதாவது, செல்வாக்கு உண்மையில் இயங்கும் இடத்தையே சட்டத்தின் பார்வையிலிருந்து விலக்கிவிட்டார். இது பிழையான தீர்ப்பு என்பதே இவ்வுரையின் துணிபு.

2024 பிப்ரவரி 15இல், கட்சிகளுக்கு நன்கொடை தர வகைசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு வழியில் சிந்தித்தது. நன்கொடை கொடுப்பவருக்குச் சட்டம் இயற்றுபவரை அணுகும் வாய்ப்புக் கிடைக்கிறது, அந்த அணுகல் கொள்கை வகுப்பில் செல்வாக்காக மாறுகிறது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். வாஷிங்டன் ஒதுக்கிய அதே கருத்தைத் தில்லி அடித்தளமாக வைத்தது.

நம் நாட்டில் வாக்கில் மட்டும் தேடினால் எதுவுமே கிடைக்காது. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்கள் கொறடா உத்தரவின்படியே வாக்களிக்கிறார்கள். பணமும் தனி உறுப்பினருக்கு அல்லாமல் கட்சிக்கே போகிறது. ஆகவே அரசாணை, உரிமம், டெண்டர், வரிவிலக்கு, கைவிடப்பட்ட விசாரணை ஆகிய இடங்களில்தான் இங்கே தேட வேண்டும். அதற்கான மூலப்பொருள் இப்போது கையில் இருக்கிறது. தேர்தல் ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட பட்டியலில் பத்திரத்தின் எண், வாங்கியவர், பணமாக்கிய கட்சி, தேதி எல்லாம் உள்ளன. அதில் மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியது கோயம்புத்தூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு லாட்டரி நிறுவனம். அந்தப் பணத்தைப் பெற்றவற்றில் திரிணாமூல் காங்கிரஸும் திமுகவும் முன்னால் நிற்கின்றன. அந்தத் தொகை எதையும் பெற்றுத் தந்தது என்று பட்டியல் மட்டும் நிரூபிக்காது. இல்லை என்றும் நிரூபிக்காது.

இந்த அவையில் அரசியல் அறிவியலும் பொருளியலும் பயிலும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தப் பட்டியலின் தேதிகளை ஒரு பக்கமும், அதே காலத்து அரசிதழையும் குழு அறிக்கைகளையும் மறுபக்கமும் வைத்து, ஒரு தொழில்துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்சி பாராமல் ஆராயுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு வேறு தலைப்பு தேட வேண்டாம்.